இரண்டு பேர் இறங்கினால்தான் ஏறும்: சில்வர் கோஸ்ட் காரைச் சோதித்த கதை

இந்த எபிசோடை ஒரு செகண்ட் ஹேண்ட் கார்ல இருந்து ஆரம்பிக்கிறேன். போன மாசம் எனக்கு ஒரு விபரீத ஆசை வந்துச்சு. பதினஞ்சு வருஷப் பழைய சொகுசு கார் ஒண்ணு. புதுசா இருந்தப்போ ஷோரூம் வாசல்லகூட என்னை நிறுத்தியிருக்க மாட்டாங்க, அப்படி ஒரு விலை. இப்போ ஒரு நல்ல பைக் விலைக்குக் கிடைக்குதுன்னாங்க. எங்க தெருமுனையில இருக்கிற மெக்கானிக் அண்ணனையும் கூட்டிக்கிட்டு டெஸ்ட் டிரைவுக்குப் போனேன்.

பார்த்ததுமே நான் விழுந்துட்டேன். லெதர் சீட்டு, டேஷ்போர்டுல மரப்பட்டை, கதவைச் சாத்தினா கேட்கிற அந்த கனமான சத்தம். அண்ணன் இது எதையும் கண்டுக்கல. முதல்ல ஏசியை ஆஃப் பண்ணச் சொன்னார். பாட்டை நிறுத்தச் சொன்னார். நாலு கண்ணாடியையும் இறக்கச் சொன்னார். "தம்பி, இப்ப வண்டி பேசும், கேளுங்க"ன்னார். ஸ்பீடு பிரேக்கர் மேல வேணும்னே கொஞ்சம் வேகமா ஏத்தி இறக்கினார். காலி ரோட்டுல ஸ்டியரிங்கைக் கொஞ்சம் விட்டு, எந்தப் பக்கம் இழுக்குதுன்னு பார்த்தார். கடைசியா, "சரி, ஒரு மேடு பார்த்துப் போவோம் வாங்க"ன்னார்.

மேட்டுல என்ன ஆச்சுன்னு பிறகு சொல்றேன். அன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து நான் படிக்க ஆரம்பிச்ச கதைதான் இன்னைக்கு எபிசோடு. நூறு வருஷத்துக்கு முன்னாடி, "உலகத்திலேயே சிறந்த கார்"னு பேர் வாங்கின ஒரு வண்டியை ரோட்டுல ஓட்டி ஓட்டி, அதுல என்ன குறைன்னு தேடினாங்க. சில குறைகளைக் கம்பெனியே ஊரைக் கூட்டிவெச்சு எண்ணிக் காட்டுச்சு. ஒரு குறை மட்டும் அவங்களுக்குத் தெரியாமலே போய், ஒரு வாடிக்கையாளர் மலை மேல கண்டுபிடிச்சார்.

இந்தக் கதையும் ஒரு செகண்ட் ஹேண்ட் கார்லதான் தொடங்குது. 1903. மான்செஸ்டர்ல ஹென்றி ராய்ஸ் என்ற பொறியாளர். மின்சார மோட்டாரும் கிரேனும் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். ஏழைக் குடும்பம். ஒன்பது வயசுல அப்பா இறந்துபோனார். பேப்பர் வித்தார், தந்தி கொண்டுபோய்க் கொடுத்தார். ரயில்வே பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்து, கட்டணம் கட்டப் பணமில்லாமல் பாதியில் விட்டவர். அவர் வாங்கியது டெகோவில் என்ற பிரெஞ்சு கார். அந்தக் காலத்துக்கு அது மோசமான வண்டி இல்லை, நல்ல பேர் உள்ள கார்தான். ஆனா ராய்ஸுக்கு அதன் சத்தமும் பிடிக்கல, அது நம்பி ஏற முடியாதபடி மக்கர் பண்ணியதும் பிடிக்கல. பிரிச்சுப் போட்டார். எது ஏன் அப்படி இருக்கு, இதை எப்படிச் செஞ்சிருக்கணும்னு ஒவ்வொரு பாகமாகப் பார்த்தார். முடிவுல, இதைச் சரிபண்றதைவிட நானே ஒண்ணு செஞ்சுடறேன்னு இறங்கிட்டார். 1904 ஏப்ரல் 1ஆம் தேதி அவருடைய முதல் கார் ரோட்டுக்கு வந்தது. இரண்டு சிலிண்டர், 10 குதிரைத்திறன். தேதி முட்டாள்கள் தினம்தான், ஆனா வண்டி ஓடுச்சு.

அடுத்த மாசம், மே 4ஆம் தேதி, மான்செஸ்டர் மிட்லேண்ட் ஹோட்டல்ல ராய்ஸைச் சந்திக்க வந்தவர் சார்லஸ் ரோல்ஸ். பிரபு வீட்டுப் பிள்ளை, கேம்பிரிட்ஜ் படிப்பு, லண்டன்ல வெளிநாட்டு கார்களை விற்கிற வியாபாரம். ராய்ஸின் காரில் ஏறிப் பார்த்ததும், நீங்க செய்யுங்க, நான் விக்கிறேன்னு ஒப்பந்தம் ஆச்சு. இதுவரைக்கும் பலருக்கும் தெரிஞ்ச கதை. பலருக்குத் தெரியாத மூணாவது ஆள் ஒருத்தர் இருக்கார், கிளாட் ஜான்சன். ரோல்ஸ்-ராய்ஸ் என்ற பேருக்கு நடுவில் இருக்கிற சின்னக் கோடு இவர்தான்னு அந்தக் காலத்துலயே சொல்வாங்க. கார் செய்யவும் தெரியாது, பிரபு வம்சமும் இல்லை. ஆனா ஒரு கார் நல்ல கார்னு ஊரை எப்படி நம்ப வைக்கணும்னு தெரிஞ்சவர்.

அந்தக் காலத்துல கார் வாங்கறதுன்னா என்ன அர்த்தம்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ரோட்டுல வண்டி நிற்பது செய்தியே இல்லை, நிற்காமல் போய்ச் சேர்வதுதான் செய்தி. பணக்காரர்கள் கூடவே ஒரு மெக்கானிக்கையும் ஏத்திக்கிட்டுப் போனாங்க. கம்பெனிகள் எல்லாம் பத்திரிகையில எங்க காருதான் சிறந்ததுன்னு எழுதிக்கும். யார் நம்புவாங்க? அதனால யாராவது மூணாவது ஆள் வந்து பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. பிரிட்டன்ல அந்த மூணாவது ஆள் ஆட்டோமொபைல் கிளப். 1900ல அந்த கிளப் நாடு முழுக்கச் சுற்றும் ஆயிரம் மைல் சோதனை ஓட்டம் ஒண்ணு நடத்துச்சு. ரோல்ஸ் அதுல ஓட்டிப் பதக்கம் வாங்கினார். அதை முன்னின்று நடத்தின கிளப் செயலாளர் யாருன்னா, இதே கிளாட் ஜான்சன். தேர்வு நடத்தினவரே பிறகு தேர்வு எழுதுற பக்கம் வந்து உட்கார்ந்தார். கேள்வித்தாள் எப்படித் தயாராகும்னு அவரைவிட நல்லா யாருக்குத் தெரியும்? இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

ஜான்சன் விளம்பரத்துக்கு வர்றதுக்கு முன்னாடி, ராய்ஸ் ஒரு நிஜமான சிக்கல்ல மாட்டிக்கிட்டு இருந்தார். 1905 வாக்கில் ஆறு சிலிண்டர் கார்தான் மோஸ்தர். ராய்ஸும் 30 குதிரைத்திறனில் ஒண்ணு செய்தார். அதுல கிராங்க்‌ஷாஃப்ட் உடைஞ்சது. பிஸ்டன் மேலும் கீழும் போறதைச் சுழற்சியா மாத்துற நீளமான இரும்புத் தண்டுதான் கிராங்க்‌ஷாஃப்ட். சிலிண்டர் கூடக் கூடத் தண்டும் நீளும். ஒவ்வொரு முறை பெட்ரோல் வெடிக்கும்போதும் ஈரத்துணியைப் பிழியுற மாதிரி அந்தத் தண்டு லேசா முறுக்கிக்கும், பிறகு விடுபடும். ஊஞ்சலை நினைச்சுக்கோங்க. சரியான நேரத்துல தள்ளிக்கிட்டே இருந்தா, சின்னத் தள்ளலுக்கே ஊஞ்சல் உயரமா போகும். அதே மாதிரி இன்ஜின் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு வந்ததும், வெடிப்பின் தாளமும் தண்டின் சொந்த அதிர்வும் ஒண்ணு சேர்ந்துடும். முறுக்கல் கூடிக்கிட்டே போய் எஃகுத் தண்டு உடையும். இன்னைக்கு இன்ஜினியரிங் காலேஜ்ல இதைப் பாடமா நடத்துறாங்க. அன்னைக்கு இது உடைஞ்ச பிறகுதான் தெரிஞ்சது.

ராய்ஸ் திருத்தின விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மேல்பூச்சுப் பூசல, இன்ஜினையே மறுபடி வரைஞ்சார். இரண்டு இரண்டாக மூணு தொகுதியா இருந்த சிலிண்டர்களை மும்மூணா இரண்டு தொகுதி ஆக்கினார். தண்டைத் தடிமனாக்கி ஏழு பேரிங்ல தாங்க வெச்சார். எண்ணெய் தானா சொட்டட்டும்னு விடாம, அழுத்தத்தோட உள்ளே செலுத்தினார். இப்படிப் பிறந்ததுதான் 40/50 என்ற மாடல். ஏழு லிட்டர் இன்ஜின், 48 குதிரைத்திறன். இப்போ ஒரு சாதாரணக் குடும்பக் காருக்கு 80க்கு மேல இருக்கு, ஆனா கொள்ளளவு ஒண்ணே கால் லிட்டர்தான். ராய்ஸின் இன்ஜின் பெருசு, சோம்பல், அமைதி. நிமிஷத்துக்கு 1,250 சுற்றுலயே முழு பலத்தையும் கொடுத்துடும்.

ஜான்சனுக்கு இது போதும். 1907ல பன்னிரண்டாவதா வந்த சேஸிஸை எடுத்தார், எண் 60551. பார்க்கர் என்ற பாடி கட்டும் நிறுவனத்துக்கு அனுப்பித் திறந்த பாடி கட்டச் சொன்னார். அப்போ எல்லாம் இப்படித்தான். கார் கம்பெனி சேஸிஸ் மட்டும் தரும், அதுக்கே ஆயிரம் பவுண்டை ஒட்டி விலை. மேல்கட்டு உங்க செலவு. உடம்பு முழுக்க அலுமினிய நிறப் பூச்சு, விளக்குக்கும் பிடிகளுக்கும் வெள்ளி முலாம், முன்னால் பேர் பலகை: சில்வர் கோஸ்ட். வெள்ளிப் பேய். சத்தமே இல்லாம வந்து நிற்கும்னு அந்தப் பேர். ஒரு விஷயம், அது அந்த ஒரே ஒரு காரோட பேர்தான். பிறகு மாடல் முழுக்கவே அந்தப் பேர் ஒட்டிக்கிச்சு. ஒரிஜினல் காரின் நம்பர் ஏ.எக்ஸ். 201.

இப்போ சோதனை. முதல்ல ராயல் ஆட்டோமொபைல் கிளப் கண்காணிப்புல இரண்டாயிரம் மைல் ஓட்டம். அப்புறம் ஸ்காட்லாந்து நம்பகத்தன்மைப் போட்டி, அதுல தங்கப் பதக்கம். மத்தவங்க இதோட நிறுத்தி விளம்பரம் கொடுத்திருப்பாங்க. ஜான்சன் நிறுத்தல. லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் நடுவுல பகலும் ராத்திரியும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓய்வு, மொத்தம் பதினஞ்சாயிரம் மைல் எட்டும் வரைக்கும் ஓட்டுவோம்னார். கிலோமீட்டர்ல 24,000. ஓட்டினவங்கள்ல ரோல்ஸும் இருந்தார், ஜான்சனும் இருந்தார். கார்லயே கிளப்பின் பார்வையாளர் ஒருத்தர் உட்கார்ந்து, எங்கே நின்னுச்சு, ஏன் நின்னுச்சுன்னு குறிச்சுக்கிட்டே வந்தார்.

629ஆவது மைல்ல கார் நின்னுடுச்சு. காரணம், பெட்ரோல் போற குழாயில் இருந்த திருகு, ரோட்டுக் குலுக்கல்ல தானா மூடிக்கிச்சு. இன்ஜின்ல கோளாறே இல்லை. நம்ம வீட்டு கேஸ் சிலிண்டர் ரெகுலேட்டரை யாரோ அணைச்சுட்டுப் போன மாதிரி. திருப்பி விட்டதும் கிளம்பிடுச்சு. அதுக்கப்புறம் 14,371 மைல், தன்னிச்சையான நிறுத்தம் ஒண்ணுகூட இல்லை. 23,000 கிலோமீட்டருக்கு மேல. அதுவும் 1907 ரோட்டுல, பாதி இடத்துல தார்கூட இல்லாத ரோட்டுல, மணிக்கு 32 கிலோமீட்டர்தான் சட்டப்படி வேகம்னு இருந்த நாட்டுல.

இங்கே ஒரு சின்ன நிறுத்தம். நம்மளும் நிற்போம். டயர் பஞ்சர் ஆனா? அது கணக்குல வராது. அந்தக் காலத்து டயர் பஞ்சர் ஆகிறது நம்ம ஊர்ல கரண்ட் போற மாதிரி, தவிர்க்கவே முடியாதது. அது காரோட குற்றம் இல்லைன்னு விதி. நியாயமான விதிதான். ஆனா அந்த ஓட்டத்துல அதிகமா பணத்தைத் தின்னதே டயர்தான். குறைன்னா எது, குறை இல்லைன்னா எது, அதை யார் தீர்மானிக்கிறாங்க? ஜான்சன் அந்த விதிகள் எழுதப்பட்ட மேஜையில் உட்கார்ந்து பழகினவர்னு சொன்னேன் இல்லையா?

ஆனா அவருக்கு உரிய பெருமையையும் கொடுக்கணும். ஓட்டம் முடிஞ்சதும் காரைக் கழுவித் துடைச்சுக் கண்காட்சியில் நிறுத்தல. கிளப்பின் இன்ஜினியர்கள் கையில கொடுத்து, முழுசாப் பிரிச்சு அளந்து பாருங்க, எது தேய்ஞ்சிருக்கோ அதைப் பட்டியல் போடுங்க, புதுக் கார் மாதிரி ஆக்க எவ்வளவு செலவாகும்னு நீங்களே சொல்லுங்கன்னார். ஸ்டியரிங் பக்கம் ஒண்ணு ரெண்டு இணைப்புல லேசான தேய்மானம். மேக்னெட்டோவைச் சுத்துற இணைப்புல கொஞ்சம். தண்ணீர் பம்ப்புக்குப் புது பேக்கிங் வேணும். மாத்த வேண்டிய பாகங்களின் விலை 2 பவுண்டு 2 ஷில்லிங் 7 பென்ஸ். அந்த ஏழு பென்ஸ்லதான் ஜான்சனோட மூளை இருக்கு. அன்னைய கணக்குல ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ். "குறையே இல்லாத கார்"னு சொல்லியிருந்தா சிரிச்சிருப்பாங்க. இத்தனை பென்ஸுக்கு குறை இருக்குன்னு துல்லியமா சொன்னதும் நம்பினாங்க. ஆர்டர் குவிஞ்சுது. கொஞ்ச நாள்ல கம்பெனி மத்த மாடல்களை எல்லாம் நிறுத்திட்டு இந்த ஒண்ணை மட்டுமே செய்ய ஆரம்பிச்சுது.

நம்ம பக்கத்துலயும் ஒரு சோதனை நடந்தது. 1908ல மும்பையில இருந்து கோலாப்பூருக்கு மேற்குத் தொடர்ச்சி மலைக் கணவாய்களைக் கடந்து ஒரு போட்டி. அதுல ஜெயிச்ச சில்வர் கோஸ்ட்டுக்குப் பேர் 'கிழக்கின் முத்து'. அது குவாலியர் மகாராஜாகிட்ட போய்ச் சேர்ந்தது. சோதனை ஓட்டம்னாலே கடைசியில ஒரு விற்பனை இருக்கும், அது ஜான்சன் பாணி.

இனி வர்றதுதான் எனக்கு இந்தக் கதையில பிடிச்ச பகுதி. சுவாரசியமே கியர்பாக்ஸ்லதான் இருக்கு, பயப்படாதீங்க, எளிமையா சொல்றேன். ஆரம்பத்துல சில்வர் கோஸ்ட்டுக்கு நாலு கியர். மூணாவது கியர்ல இன்ஜினும் சக்கரம் பக்கம் போற தண்டும் நேரடியா இணைஞ்சு சத்தமில்லாம ஓடும். நாலாவது, சமதளத்துல வேகமாப் போறதுக்கு மட்டும், இப்போ நாம ஓவர்டிரைவ்னு சொல்றோமே அது. ஆனா வாங்கினவங்க என்ன பண்ணாங்க? எல்லா இடத்துலயும் நாலுலயே ஓட்டினாங்க. கியர் மாத்தாம டாப் கியர்லயே மேடு ஏறுது பாரு என் வண்டின்னு காட்டுறதுதான் கௌரவம். நாலுல மேடு ஏத்தினா இன்ஜின் திணறும், உதறும். அமைதியான கார்னு வாங்கிட்டுச் சத்தம் போடுதேன்னு குறை சொன்னாங்க. கம்பெனி யோசிச்சுது. ஜனங்களைத் திருத்த முடியாது, கியரைத் திருத்துவோம். 1909ல நாலாவது கியரை எடுத்துட்டு மூணு கியர் ஆக்கினாங்க. டாப் கியர் இப்போ நேரடி இணைப்பு. சத்தம் இல்லை, புகார் இல்லை.

போட்டிக் கம்பெனி நேப்பியர் சும்மா இருக்குமா? லண்டன்ல இருந்து எடின்பரோ வரைக்கும் டாப் கியர்லயே ஓட்டிக் காட்டி, பெட்ரோல் கணக்கையும் வெளியிட்டாங்க. 1911ல ரோல்ஸ்-ராய்ஸ் பதில் சொன்னுது. எர்னஸ்ட் ஹைவ்ஸ் என்ற இளைஞர் ஓட்டினார். லண்டன் டு எடின்பரோ, திரும்ப லண்டன், முழுக்க டாப் கியர். ஒரு கேலனுக்கு 24.32 மைல். நம்ம கணக்குல லிட்டருக்கு எட்டரை கிலோமீட்டர் சொச்சம், ஏழு லிட்டருக்கு மேல இருக்கிற இன்ஜினுக்கு! அதே காரை அப்படியே புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோய் மணிக்கு 78 மைல், அதாவது 125 கிலோமீட்டர் வேகமும் காட்டினாங்க. நேப்பியர் வாயடைச்சுப் போச்சு. உடனே 'லண்டன்-எடின்பரோ' என்ற பேர்லயே ஒரு ரகம் விற்பனைக்கு வந்துடுச்சு.

இப்போ யோசிங்க. இந்தச் சோதனையில முதல் கியர் என்ன ஆச்சு? யாருமே தொடல. தொடக்கூடாதுங்கிறதுதான் சோதனையே. காரோட எந்தப் பகுதி பிரமாதமோ, அதை மட்டும் கேள்வி கேட்கிற ஒரு தேர்வு.

1912. ஜேம்ஸ் ராட்லி என்ற ஆங்கிலேயர். அந்தக் காலத்து விமானிகள்ல ஒருத்தர், பயம் அறியாத ஆள். சொந்தமா ஒரு லண்டன்-எடின்பரோ ரகக் கார் வாங்கினார். கம்பெனிக்காக இல்லாம, தன் விருப்பத்துக்கு ஆஸ்திரியாவில் நடந்த ஆல்ப்ஸ் மலைப் போட்டிக்குப் பேர் கொடுத்தார். போட்டிப் பாதையில காட்ஷ்பெர்க்னு ஒரு கணவாய். கிட்டத்தட்ட நாலடி போனா ஓரடி உயரம், அப்படி ஒரு ஏற்றம். கார்ல நாலு பேர். பாதி மலையில கார் நின்னுச்சு. ராட்லி முதல் கியர் போட்டு கிளட்சை விட்டார். ஏறல. இன்ஜின்ல பலம் இருக்கு, கோளாறு எதுவும் இல்லை, பெட்ரோல் குழாயும் திறந்துதான் இருக்கு. ஆனா மூணே கியர் இருக்கிற அந்தப் பெட்டியில, இவ்வளவு செங்குத்தான மேட்டுல நாலு பேரோட கிளம்புற அளவுக்குத் தாழ்ந்த கியரே கிடையாது. இரண்டு பேர் இறங்கினாங்க. அப்புறம்தான் கார் ஏறுச்சு.

உலகத்திலேயே சிறந்த கார்ல இருந்து, ஐரோப்பாக் கம்பெனிக்காரங்க எல்லாம் பார்க்க, கோட்டும் தொப்பியுமா இரண்டு ஜென்டில்மேன் மலை ரோட்டுல இறங்கி நிற்கிறாங்க. பதினஞ்சாயிரம் மைல் பேரும் பென்ஸ் கணக்குப் பேரும் அந்த ஒரு மேட்டுல சறுக்கிடுச்சு. இந்தக் குறை இங்கிலாந்துல தெரியவே தெரியாது. லண்டன்-கிளாஸ்கோ ரோடு அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. வாடிக்கையாளர் கௌரவத்துக்காக எடுத்த ஒரு கியர், இப்போ இல்லாத இடம் பார்த்துக் குத்துச்சு.

டெர்பியில இருந்த தொழிற்சாலை என்ன பண்ணுச்சுங்கிறதுதான் முக்கியம். ராட்லி சரியா ஓட்டலன்னு சொல்லித் தப்பிச்சிருக்கலாம். தனியார் கார், கம்பெனிக்குச் சம்பந்தமில்லைன்னும் சொல்லியிருக்கலாம். நாலு கியர் பெட்டி திரும்ப வந்துச்சு. இந்த முறை டாப் கியரே நேரடி இணைப்பு, கீழே மலைக்குன்னே ஒரு தாழ்ந்த கியர். பெரிய ரேடியேட்டர் வெச்சாங்க. வண்டியைத் தரையில இருந்து கொஞ்சம் உயர்த்தினாங்க. 1913ல அதே போட்டிக்கு மூணு கம்பெனி கார்களும் கூடவே ராட்லியின் காரும் போச்சு. ஓட்டினவங்கள்ல நம்ம ஹைவ்ஸும் ஒருத்தர். ஆயிரத்து அறுநூறு மைலுக்கு மேல, கணவாய் கணவாயா. இந்த முறை யாரையும் இறக்கிவிடல. பரிசுகளை அள்ளிட்டு வந்தாங்க. அடுத்த வருஷம் ராட்லி தனியாகவே திரும்பப் போய் அந்த மலைகளை ஒரு கை பார்த்தார். அந்த ரகத்தைக் கம்பெனி 'கான்டினென்டல்'னு விற்றது. ரசிகர்கள் அதை ஆல்பைன் ஈகிள்னு கூப்பிடுவாங்க. ஹைவ்ஸ் பின்னால் அந்தக் கம்பெனிக்கே தலைவரானார். ஓட்டிப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கிற ஆளை மேலே உட்கார வெச்சாங்கன்னா, அது சும்மா நடந்த விஷயம்னு நான் நினைக்கல.

ரோல்ஸ் இதையெல்லாம் பார்க்கல. அவருக்குக் கார் அலுத்துப்போய் விமானத்துல பைத்தியம் பிடிச்சிருந்தது. 1910 ஜூலை 12, போர்ன்மத் நகரத்துல ஒரு விமானக் காட்சி. அவருடைய ரைட் விமானத்துக்குப் புதுசா ஒரு வால் பகுதி மாட்டியிருந்தாங்க. தரையிறங்க வரும்போது வால் உடைஞ்சது. ரோல்ஸுக்கு வயசு 32. விமான விபத்துல உயிரிழந்த முதல் பிரிட்டிஷ்காரர்னு வரலாற்றுல பேர். தன் காரை 14,371 மைல் நிற்காம ஓட்டிப் பார்த்த கூட்டத்துல ஒருத்தர். இந்த வரியை நான் மூணு தடவை எழுதி அழிச்சேன், அதுக்கு மேல என்ன சொல்றதுன்னு தெரியல.

சில்வர் கோஸ்ட் 1926 வரைக்கும் உற்பத்தியில இருந்தது. மொத்தம் 7,874 கார். முதல் உலகப்போர்ல அதே சேஸிஸ் மேல இரும்புக் கவசம் போர்த்தி, அரேபியப் பாலைவனத்துல லாரன்ஸ் ஓட்டினார். அதுவும் ஒரு ரோடு டெஸ்ட்தான், ஆனா யாரும் பென்ஸ் கணக்குப் பார்க்கல. நான் இந்தக் காரின் ரசிகன்தான், ஆனாலும் ஒரு குறையைச் சொல்லாம விட முடியாது. பிரேக். கிளம்புறதையும் ஏறுறதையும் சோதிச்ச அளவுக்கு நிற்கிறதைச் சோதிக்கல. ஹிஸ்பானோ-சுயிசா 1919லயே நாலு சக்கரத்துக்கும் பிரேக் கொடுத்துடுச்சு. சில்வர் கோஸ்ட்டின் முன்சக்கரங்களுக்குப் பிரேக் வந்தது 1924 வாக்குலதான். ஒன்றரை டன்னுக்கு மேல எடையை வெச்சுக்கிட்டு, அத்தனை வருஷம் பின்சக்கரத்தை மட்டும் பிடிச்சுதான் நிறுத்தினாங்க. "நிற்காம ஓடுச்சு"ங்கிறதையே பெருமையா பேசின கார் அது.

அந்த ஒரிஜினல் ஏ.எக்ஸ். 201? ஓட்டம் முடிஞ்சு அடுத்த வருஷமே ஒரு தனி ஆளுக்கு வித்துட்டாங்க. அவங்க அதைக் கண்ணாடிப் பெட்டியில வைக்கல, சாதாரணக் குடும்பக் காரா ஓட்டித் தீர்த்தாங்க. 1948லதான் கம்பெனிகிட்ட திரும்பி வந்தது. இப்பவும் ஓடுற நிலைமையில இருக்கு.

சரி, என் மேட்டுக்கு வர்றேன். மெக்கானிக் அண்ணன் காரை ஒரு சப்வே ஏற்றத்துக்குக் கொண்டுபோனார். பின்சீட்டுல வண்டியை விக்கிறவரும் அவர் மச்சானும். ஏற்றத்தின் நடுவுல வேணும்னே நிறுத்தினார். பின்னால ஆட்டோக்காரர் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருக்கார். அண்ணன் பதறல. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முதல் கியர் போட்டு, கிளட்சை மெதுவா விட்டார். இன்ஜின் ஏறுது, கருகல் வாசனை வருது, வண்டி நகரல. கொஞ்சம் பின்னாலகூட உருண்டுச்சு. கிளட்ச் பிளேட் போயிடுச்சு, சமதள ரோட்டுல இவ்வளவு நேரம் வெளிய தெரியல. எனக்கு அப்போ காட்ஷ்பெர்க் எல்லாம் தெரியாது. இப்போ நினைச்சாதான் சிரிப்பு வருது. ஏன்னா பின்சீட்டுல இருந்து விக்கிறவர் கேட்டார்: "வேணும்னா நாங்க ரெண்டு பேரும் இறங்கிக்கவா சார்?"

வாங்கல. அடுத்த வாரம் வேறொரு கதையோட வர்றேன்.